வெட்டிவேரும் கஸ்ஸும்

தில்லிக் கோடையில் பானைத் தண்ணீரில் போடக் கஸ் வாங்கும் நம்மவர்கள், "ஊர் வெட்டிவேர் மணம் இதில் இல்லையே!" என்று என்னிடம் குறைப்படுவதுண்டு. குறை மூக்கில் இல்லை. இனம் ஒன்றுதான், வகை வேறு. வடக்கில் தானாக வளர்வது விதை விடும். தெற்கில் பயிரிடுவது பெரும்பாலும் விதை கட்டாதது. எண்ணெயின் சேர்மானமும் மாறும்.

மண்ணும் முக்கியம். கடலூர்ப் பக்கத்து மணலில் வேர் ஆழமாக இறங்கி, அறுபடாமல் வரும். களிமண்ணில் அறுந்து பாதி மண்ணோடு போகும்.

வயது அதைவிட முக்கியம். 15 முதல் 18 மாதம் நிலத்தில் இருந்தால்தான் எண்ணெய் கனத்து, மணம் நிலைக்கும். பணமுடையால் முன்னதாகத் தோண்டினால் விவசாயிக்கும் நஷ்டம், நமக்கும் ஏமாற்றம். ஆகவே விலையோடு வேரின் வயதையும் விசாரியுங்கள்.