குறைந்த விலை ஏர் ரைபிளுக்கு ஸ்கோப் மாட்டுவது லாபமா? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மெரினாவிலும் கோயில் திருவிழாக்களிலும் பலூன் சுட்டுப் பழகியவர்களுக்கு ஏர் ரைபிள் புதிதல்ல. புதிதாக வந்திருப்பது அதன் விளம்பரம். 'லைசென்ஸ் தேவையில்லை, வீட்டுக்கே டெலிவரி, கூடவே ஸ்கோப்' என்று போன் திரையில் வந்து நிற்கிறது. விலையும் பத்தாயிரம் ரூபாய்க்குள் தொடங்குகிறது. வார இறுதிப் பொழுதுபோக்காக ஒன்று வாங்கிப் போடலாமே என்று பலருக்கும் தோன்றுவது இயல்புதான்.

ஆனால் பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்த விலைக்குக் கிடைக்கும் ரைபிள் ஒழுங்காகச் சுடுமா? அதில் ஸ்கோப் மாட்டினால் குறி தப்பாமல் இருக்குமா?

லைசென்ஸ் உண்மையிலேயே வேண்டாமா?

ஒரு வரம்பு வரைதான் வேண்டாம். ஆயுத விதிகள் 2016-ன்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கு (0.177 அங்குலம்) மேல் இருந்தாலோ, குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ ஏர் ரைபிளுக்கும் லைசென்ஸ் கட்டாயம். வெடிமருந்தில் இயங்கும் துப்பாக்கி என்றால் பேச்சே இல்லை. எவ்வளவு சின்னதாக, மலிவாக இருந்தாலும் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம்.

இந்த 20 ஜூல் கணக்கு விளம்பரத்தைச் சோதிக்கவும் உதவும். வழக்கமான ஈய பெல்லட் ஒன்றின் எடை சுமார் அரை கிராம். அது விநாடிக்கு 280 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் 19.6 ஜூல். 300 மீட்டர் என்றால் 22.5 ஜூல், அதாவது வரம்பைத் தாண்டிவிடும். '1,200 எஃப்.பி.எஸ்.' என்று போட்டிருந்தால் அது விநாடிக்குச் சுமார் 366 மீட்டர். ஒன்று, அது எடை குறைந்த பெல்லட்டைப் போட்டு எடுத்த எண்ணாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ரைபிளுக்கு லைசென்ஸ் தேவை. இரண்டும் இல்லையென்றால், அது வெறும் விளம்பரம்.

வேகம் கூடினால் குறி கூடும் என்பதும் இல்லை. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது பெல்லட் நிலை தடுமாறும். போகிற போக்கில் ஸ்பிரிங்கை மாற்றி 'பவர்' ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுவதே நல்லது. வரம்பு தாண்டினால் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியது ரைபிளை வைத்திருப்பவர்தான்.

ஸ்கோப் என்ன செய்யும், என்ன செய்யாது?

ஸ்கோப் இலக்கைப் பெரிதாகக் காட்டும், அவ்வளவுதான். குண்டு எங்கே போகிறது என்பதை முடிவு செய்வது குழல், பெல்லட், ட்ரிகர், பிடிக்கிற கை ஆகிய நான்கும்தான். இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும், குறி தவறுவதை ஸ்கோப் தெளிவாகக் காட்டுமே தவிர, திருத்தாது.

இதற்கு நல்ல உதாரணம் ஒலிம்பிக்கே. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக்கில் களமிறங்கியதும் 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில்தான். அங்கே 10 புள்ளிக்கான வட்டம் வெறும் அரை மி.மீ. அகலம். அந்தப் போட்டியில் ரைபிளில் ஸ்கோப் மாட்ட அனுமதி இல்லை. சிறு துளை வழியாகப் பார்த்துத்தான் சுடுகிறார்கள். அவர்கள் ரைபிளின் விலை லட்சக்கணக்கில் இருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பணம் போவது குழலுக்கும் ட்ரிகருக்கும். உருப்பெருக்கிக் காட்ட அல்ல.

மலிவு ஸ்கோப் ஏன் சீக்கிரம் கெட்டுப்போகிறது?

குறைந்த விலை ஏர் ரைபிள்களில் பெரும்பாலானவை குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் வகை. ட்ரிகரை அழுத்தியதும் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனை முன்னே தள்ளும். அப்போது ரைபிள் பின்னால் உதைக்கும். அடுத்த கணமே பிஸ்டன் முன்சுவரில் மோதி நிற்கும்போது ரைபிள் முன்னால் இழுக்கும். இப்படி ஒவ்வொரு முறையும் இரண்டு திசையில் அதிர்ச்சி.

சாதாரண துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்கள் பின்னோக்கிய உதையை மட்டுமே தாங்கும்படி வடிவமைக்கப்படுபவை. முன்னோக்கிய இழுப்பில் உள்ளே இருக்கும் லென்ஸ் தளரும், குறுக்குக் கோடு சாயும். பெரிய துப்பாக்கியில் வருஷக்கணக்கில் உழைத்த விலை உயர்ந்த ஸ்கோப்கூட இந்தச் சின்ன ரைபிளில் கெட்டுப்போவதற்குக் காரணம் இதுதான். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுன்ட்டும் ஒவ்வொரு சுடுதலிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகரும். 'நேத்து சரியா சுட்டுச்சு, இன்னைக்கு எங்கயோ போகுது' என்ற புலம்பல் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

அப்போ ஸ்கோப் யாருக்குத்தான் தேவை?

இரண்டு தரப்புக்கு அது நிஜமாகவே பயன்படும். ஒன்று, 20, 25 மீட்டருக்கு அப்பால் சின்ன இலக்குகளைச் சுட விரும்புபவர்கள். இன்னொன்று, நாற்பதைத் தாண்டியவர்கள். சாதாரண சைட்டில் பின் குறி, முன் குறி, இலக்கு என மூன்று வெவ்வேறு தூரங்களைக் கண் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அது கஷ்டம். ஸ்கோப்பில் குறுக்குக் கோடும் இலக்கும் ஒரே தளத்தில் தெரிவதால் அந்தச் சிரமம் இல்லை.

வாங்குவதென்றால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

• 'ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு ஏற்றது' என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருக்க வேண்டும்.

• முன் லென்ஸ் பகுதியிலோ பக்கவாட்டிலோ தூரத்தைச் சரிசெய்யும் வளையம் இருக்க வேண்டும். அது 10 மீட்டர் வரை இறங்க வேண்டும். பெரிய துப்பாக்கி ஸ்கோப்கள் பொதுவாக 100 கஜத்துக்குச் சரிசெய்யப்பட்டவை. 10 மீட்டரில் படம் மங்கலாகும், கண் லேசாக நகர்ந்தாலே குறியும் நகர்வதுபோலத் தெரியும்.

• மவுன்ட் ஒரே துண்டாக, நகராமல் தடுக்கும் பின்னுடன் இருப்பது நல்லது. பல ஏர் ரைபிள்களில் 11 மி.மீ. தடம்தான் இருக்கும். மவுன்ட் அதற்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

'3-9x40' என்று எழுதியிருந்தால் 3 முதல் 9 மடங்கு உருப்பெருக்கம், 40 மி.மீ. முன் லென்ஸ் என்று பொருள். 10 மீட்டருக்கு 9 மடங்கு தேவையே இல்லை. கை நடுக்கமும் ஒன்பது மடங்கு பெரிதாகத் தெரியும்!

முதல் செலவு எதில்?

பெல்லட்டில். ஒரே ரைபிள் ஒரு வகை பெல்லட்டை ஒழுங்காகவும் இன்னொன்றை மோசமாகவும் சுடும். மூன்று, நான்கு வகைகளை வாங்கிச் சோதிக்கும் செலவு ஸ்கோப்பைவிடக் குறைவு, பலன் அதிகம். புது ஸ்பிரிங் ரைபிள் நிலைக்கு வரவே சில நூறு பெல்லட் சுட வேண்டியிருக்கும். பெல்லட் போடாமல் வெறுமனே சுட்டால் பிஸ்டன் பழுதாகும்.

பிடியும் முக்கியம். பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே ரைபிள் அசையத் தொடங்கிவிடுகிறது. அதனால் இறுக்கிப் பிடித்தால் குறி சிதறும். தளர்வாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடிப்பதுதான் வழி.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு எளிய சோதனை. 10 மீட்டரில் இருந்து, கையைத் தாங்கலில் வைத்து, ரைபிளோடு வந்த சைட்டிலேயே ஐந்து பெல்லட் சுட வேண்டும். ஐந்தும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குள் விழுந்தால் அந்த ரைபிள் ஸ்கோப்புக்குத் தகுதியானது. டீ டம்ளர் தட்டு அளவுக்குச் சிதறினால் ஸ்கோப் பணம் வீண்.

எங்கே சுடுவது?

இதுதான் பலரும் வாங்கிய பிறகு யோசிக்கும் கேள்வி. அபார்ட்மென்ட் மொட்டை மாடி சரியான இடம் அல்ல. குறி தவறிய பெல்லட் நூறு மீட்டருக்கு அப்பாலும் போகும், கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். சுவர், கல், இரும்பில் பட்டால் திரும்பித் தெறிக்கும். ஸ்கோப் மாட்டிய ரைபிளோடு மாடியில் நிற்பவரைப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது ஏர் ரைபிளா, வேறா என்று தெரியப்போவதில்லை. இலக்குக்குப் பின்னால் பெல்லட்டை உள்வாங்கும் மணல் அல்லது பழைய துணி அடைத்த பெட்டி, கண்ணுக்குக் கண்ணாடி, வீட்டில் பூட்டிய அலமாரி, இவை மூன்றும் இல்லாமல் தொடங்கக் கூடாது. பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் கை கழுவ வேண்டும்.

பறவை, நாய், பூனை மீது 'பழகிப் பார்ப்பது' விளையாட்டல்ல. மயில், கிளி போன்றவை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் வருபவை. எந்த விலங்கையும் கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. லைசென்ஸ் இல்லாமல் வாங்கிய ரைபிள் என்பது இங்கே எந்தச் சலுகையும் தராது.

ஆக, வாங்கலாமா?

பாதுகாப்பான இடமும் பழகுவதற்கு நேரமும் இருந்தால், குறைந்த விலை ரைபிள் தொடங்குவதற்குப் போதும். ஆனால் ஸ்கோப்பை முதல் நாளே சேர்த்து வாங்க வேண்டியதில்லை. இடம் இல்லாதவர்களுக்குச் சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் ரைபிள் கிளப்கள் இருக்கின்றன. அங்கே பயிற்சியாளர் முன்னிலையில் சில நாள் சுட்டுப் பார்த்தால், இந்த ஆர்வம் நிற்குமா, ஒரு மாதத்தில் போய்விடுமா என்பது தெரிந்துவிடும். பத்தாயிரம் ரூபாயைப் பரணில் போடாமல் இருக்க அதுவே மலிவான வழி.