காரைக்காலும் கடன்முறியும்

காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிக் கடற்கரையில் அமைந்துள்ள மீனவர் ஊர் பட்டினச்சேரி. வலை உலர்த்தும் மணற்பரப்பும், படகுகளும், அவற்றிற்கு அப்பால் ஓயாது ஒலிக்கும் கடலுமே அங்குச் செல்வோர் கண்முன் முதலில் தோன்றுவன. இவ்வூரினின்று தெற்கு நோக்கிச் சிறிது தொலைவு செல்லின் தமிழ்நாட்டின் எல்லை வந்துவிடும். சுற்றிலும் தஞ்சை நாட்டு வயல்கள் பரந்து கிடக்க, அவற்றினிடையே இச்சிறு நிலப்பகுதி மட்டும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது எவ்வாறு? அது போரில் வென்ற நிலம் என்று பலர் எண்ணுவர். உண்மையில் அது பணங்கொடுத்துப் பெற்ற நிலம். பணத்தால் ஒரு மன்னரின் நட்பையும் பெற்றுவிடலாம் என்று அயல்நாட்டு அதிகாரிகள் போட்ட கணக்கு அதனோடு பிணைந்து கிடக்கின்றது.

அக்காலத்தில் தஞ்சையை மராட்டிய மரபினர் ஆண்டனர். 1738 ஆம் ஆண்டில் அரியணையை இழந்து சிதம்பரத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சாகுஜி என்னும் அரசர், புதுச்சேரியில் ஆளுநராக இருந்த டூமாவின் உதவியை நாடினார். வணிகத்திற்கு ஏற்ற துறைமுகம் ஒன்று காவிரி முகத்தில் கிடைக்குமாயின் நலம் என்று டூமா நெடுநாளாக எண்ணியிருந்தார். ஆகவே பேச்சு எளிதில் முடிந்தது. காரைக்காலும் அதனைச் சார்ந்த கோட்டையும் சில ஊர்களும் பிரெஞ்சுக்காரருக்கு; 50,000 சக்கரம் சாகுஜிக்கு. சக்கரம் என்பது அந்நாளில் தஞ்சை நாட்டில் வழங்கிய பொன் நாணயம்.

அரியணை மீண்டும் கிடைத்தவுடன் சாகுஜியின் மனம் மாறியது. ஊரை ஒப்படைக்க அவர் காலந் தாழ்த்தினார். அப்பொழுது தஞ்சையோடு பகைகொண்டிருந்த சந்தா சாகிபு தம் படையை அனுப்பிக் காரைக்காலைக் கைப்பற்றிப் பிரெஞ்சுக்காரரிடம் கொடுத்தார். 1739 பிப்ரவரி 14 ஆம் நாள் அவர்கள் கொடி அங்கு ஏறியது. அதன்பின் மன்னரும் இசைந்தார். எனினும் இசைவுக்கு விலை கேட்டார். ஒன்றரை இலட்சம் சக்கரம் வட்டியில்லாக் கடனாக வேண்டும் என்றார். ஊர்களுக்கு ஆண்டுதோறும் 2,000 வராகன் குத்தகை வேண்டும் என்றார். புதுச்சேரியார் குத்தகைக்கு உடன்பட்டுக் கடனை மட்டும் சுருக்கிக்கொண்டனர். இங்ஙனம் கிடைத்த ஊர்களுள் திருமலைராயன்பட்டினமும் ஒன்று. அடுத்து அரியணை ஏறிய பிரதாபசிங்கர் 1740 ஆம் ஆண்டில் மேலும் எட்டு ஊர்களை 60,000 சக்கரத்திற்கு ஈடு வைத்தார். அவற்றுள் நிரவி, போலகம், வாஞ்சியூர் முதலியன அடங்கும்.

இதுவரை நிகழ்ந்தது, உழவன் ஒருவன் வட்டிக்கடைக்காரனிடம் நிலத்தை ஈடு வைப்பது போன்ற செயலே. பணம் மன்னருக்குப் போயிற்று. நிலம் கும்பினிக்கு வந்தது. ஆனால் ஐரோப்பாவில் மூண்ட போரும், ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்கு எழுந்த போட்டியும் தமிழகத்தைப் பற்றியபோது நிலைமை முற்றிலும் வேறாயிற்று. 1749 ஆகஸ்டு 3 ஆம் நாள் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருத்தீன் மாண்டார். வெற்றி பெற்ற சந்தா சாகிபும் முசாபர் சங்கும் பிரெஞ்சுப் படையின் துணையுடன் திருச்சிராப்பள்ளிக்குச் செல்வதற்கு மாறாகத் தஞ்சைமீது திரும்பினர். காரணம் வெளிப்படை. அவர்கள் படைக்குக் கொடுக்கச் சம்பளம் இல்லை. செழித்த காவிரி நாட்டின் கருவூலம் அருகில் இருந்தது.

பிரதாபசிங்கர் அரண்களை மட்டும் நம்பவில்லை, காலத்தையும் நம்பினார். தூதர் வந்தனர், விருந்து நடந்தது, பேச்சு நீண்டது. முடிவில் 70 இலட்சம் ரூபாய் தருவதாகவும், காரைக்காலைச் சூழ்ந்த 81 ஊர்களைப் பிரெஞ்சுக்காரருக்கு அளிப்பதாகவும், 2,000 வராகன் குத்தகையை விட்டுவிடுவதாகவும் ஒப்பந்தம் ஆயிற்று. பணம் வந்த விதந்தான் வேடிக்கை. ஒருநாள் பொன் தட்டுகளும் வெள்ளித் தட்டுகளும் வந்தன. அவற்றின் எடையையும் மாற்றையும் குறித்து அரண்மனை அலுவலர் சந்தைக் கடைக்காரர்போல் வழக்காடினர். மற்றொரு நாள் வழக்கொழிந்த பழங்காசுகள் வந்தன; அவற்றை ஒவ்வொன்றாக உரைத்துப் பார்த்தே ஏற்க வேண்டியிருந்தது. பின்னர் மணிகள் வந்தன. அவற்றிற்கு விலை மதிப்பதோ அதனினும் அரிது. இவ்வாறு நாள்கள் கழியவே, வடக்கேயிருந்து நாசிர் சங்கு பெரும்படையுடன் வருகிறார் என்னும் செய்தி எட்டியது. முற்றுகை கலைந்தது. செலுத்தப்பட்டது போக எஞ்சிய 56 இலட்சத்திற்கு மன்னர் எழுதிக்கொடுத்த முறி மட்டும் கைம்மாறிக் கைம்மாறிப் புதுச்சேரிக் கருவூலத்தில் வந்து தங்கியது.

அடுத்த சில ஆண்டுகளில் திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்து பெரும்போர் நடந்தது. ஆங்கிலேயர் முகமது அலியையும், பிரெஞ்சுக்காரர் சந்தா சாகிபையும் ஆதரித்தனர். இருவர்க்கும் தஞ்சை இன்றியமையாததாயிற்று. திருச்சியில் இருந்த படைக்கு அரிசி வரவேண்டிய இடம் தஞ்சை நாடு. தஞ்சைக் குதிரைப்படை எப்பக்கம் நிற்கின்றதோ அப்பக்கமே வழிகள் திறந்திருக்கும். ஆகவே சென்னையிலும் புதுச்சேரியிலும் இருந்த அதிகாரிகளை ஒரு வினா ஓயாது அலைத்தது: தஞ்சை மன்னரை நம் பக்கம் நிறுத்த எவ்வளவு கொடுக்கலாம்? யாருக்குக் கொடுக்கலாம்?

டூப்ளே இதற்குக் கண்ட வழி, மன்னருக்குக் கொடுப்பதனினும் மன்னரின் செவிக்கு அருகில் இருப்பவருக்குக் கொடுப்பது. அமைச்சர் சக்கோஜி அவர் வலையில் வீழ்ந்தார். அவர் சொற்கேட்டு மன்னர், ஆங்கிலேயரோடு சேர்ந்து நின்ற தளபதி மானாஜியைப் பதவியினின்று நீக்கினார். சென்னை ஆளுநர் சாண்டர்சும் அவர் மன்றத்தாரும் செலவில் கைகுறுகியவர். அவர்கள் பொன்னுக்கு மாற்றாகப் பால்க் என்னும் தூதரை அனுப்பினர். காவிரிக் கரைகளின் உரிமை, திறைப் பாக்கி ஆகியவற்றில் தஞ்சைக்கும் நவாபுக்கும் இருந்த பிணக்குகளைத் தீர்த்து வைப்பதாகவும் வாக்களித்தனர். வாக்குக் கொடுத்தவர் கும்பினியார். இழக்க வேண்டியவர் நவாபு! பிறர் பொருளைக் கொண்டு நட்பு வாங்கும் இத்திறம் பின்னாளில் பல அரண்மனைகளைக் காலியாக்கியது.

எனினும் மன்னரின் உள்ளத்தை இறுதியில் திருப்பியது பால்க்கின் பேச்சும் அன்று, சக்கோஜியின் பொன்னும் அன்று. 1754 மே மாதத்தில் பிரெஞ்சுப் படைத்தலைவர் ஒருவர் கோவிலடிக்கு அருகே காவிரியையும் கொள்ளிடத்தையும் பிரிக்கும் பெருங்கரையை வெட்டினார். காவிரி நீர் தாழ்ந்த கொள்ளிடத்தில் பாய்ந்துவிட்டால் தஞ்சை வயல்கள் வறண்டு போகும். அதற்கு அஞ்சி மன்னர் பணிவார் என்பது அவர் எண்ணம். நேர்ந்ததோ எதிர்மாறு. சோழநாட்டில் ஆற்றுக் கரையை வெட்டியவனை மன்னன் மன்னித்தாலும் குடிகள் மன்னியார். சக்கோஜி விலக, மானாஜி மீண்டும் தளபதியானார். தஞ்சைப்படை ஆங்கிலேயரோடு சேர்ந்தது.

டூப்ளே பிரான்சுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1758 ஆம் ஆண்டில் லாலி என்னும் தளபதி பெரும்படையுடன் வந்து, சூன் மாதத் தொடக்கத்தில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கைப்பற்றினார். உடனே சென்னைமீது பாய்ந்திருக்க வேண்டும். ஆனால் புதுச்சேரிக் கருவூலம் வெறுமையாயிருந்தது. ஆளுநர் லெய்ரி கைவிரித்தார். கப்பற்படைத் தலைவர் உடன்வர மறுத்தார். மன்றத்தில் சினமும் பூசலும் மிகுந்தன. அப்பொழுது லவூர் என்னும் பாதிரியார் அந்தப் பழைய முறியை நினைவூட்டினார். 56 இலட்சம் ரூபாய்! ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வாள்முனையில் எழுதி வாங்கிய தாள், இப்பொழுது படைக்கு உணவாகத் தோன்றியது. மன்னரை அச்சுறுத்தச் சாகுஜியின் உறவினர் ஒருவரையும் லாலி உடன் அழைத்துச் சென்றார். தேவனாம்பட்டினத்துச் சிறையினின்று கிடைத்தவர் அவர். பணந் தாராவிடின் அரியணைக்கு வேறோர் ஆள் உண்டு என்பது அதன் பொருள்.

வண்டிகளோ உணவோ முன்னரே திரட்டப்படவில்லை. வழியில் உமி நீங்காத நெல் கிடைத்தது. குத்துதற்கு உரல் இல்லை. பசியோடு காரைக்காலை அடைந்த படைக்கு அங்கும் போதிய உணவு கிடைக்கவில்லை. அதன்பின் நாகூர் சூறையாடப்பட்டது. கீழ்வேளூர், திருவாரூர்ப் பகுதிகளில் கோயில்களுள் புகுந்து பொன் தேடினர். குளங்களைத் துழாவினர், வீடுகளைத் தோண்டினர். கிடைத்தவை பெரும்பாலும் செம்பும் பித்தளையுமே. ஒற்றர் என்று ஐயுற்று அந்தணர் அறுவரைப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டுக் கொன்றனர். கடன் வசூலிக்க வந்தவர் செய்த இச்செயலுக்குப் பின், தஞ்சை நாட்டில் ஒரு மூட்டை அரிசி தருவாரும் அவர்களுக்கு இலராயினர்.

பிரதாபசிங்கர் தம் பழைய படைக்கலத்தையே எடுத்தார். சில இலட்சங்கள் தருவதாகச் சொல்லிப் பேச்சை வளர்த்தார். மறுபுறம் திருச்சியில் இருந்த ஆங்கிலத் தலைவர் காலியோவுக்கு ஆள் அனுப்பினார். காலியோவுக்கோ பெரும் ஐயம். மன்னர் லாலியோடு உடன்பட்டுவிட்டால், தாம் அனுப்பும் வீரர் என்னாவர்? ஆகவே முதலில் ஒரு சிறு பிரிவை அனுப்பினார். உண்மை தெளிந்த பின்னரே மேலும் அனுப்பினார். நட்பு என்று இருவரும் பேசினர். எனினும் ஒருவரை ஒருவர் அளந்துகொண்டே இருந்தனர்.

முற்றுகை நடந்துகொண்டிருக்கையில், ஆகஸ்டு 3 ஆம் நாள் நாகப்பட்டினக் கடலில் இரு நாட்டுக் கப்பற்படைகளும் பொருதன. பிரெஞ்சுக் கப்பல்கள் பின்வாங்கிப் புதுச்சேரிக்குச் சென்றன. ஆங்கிலக் கப்பல்கள் காரைக்கால் கரையை நெருங்கின. லாலியிடம் வெடிமருந்தும் குறைந்துவிட்டது. தலைவர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார். உடனே கோட்டையைத் தாக்குக என்றோர் மிகச் சிலரே. ஏனையோர் திரும்புக என்றனர். ஆகஸ்டு 10 ஆம் நாள் விடியலில், வேலை வேண்டி வந்தவர்போல் ஐம்பது குதிரைவீரர் பாசறைக்குள் வந்தனர். அவருள் ஒருவன் லாலியின்மீதே வாளோங்கினான். அவர் உயிர் தப்பியது அரிது. அதே வேளையில் மானாஜியின் படை கோட்டையினின்று வெளிப்பட்டுத் தாக்கியது. அன்றே பின்வாங்கல் தொடங்கிற்று. பசியும் தாகமும் துரத்தக் காரைக்காலை அடைந்தபோது, கடலில் ஆங்கிலக் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்பதை லாலி கண்டார். 1760 ஏப்ரலில் காரைக்கால் ஆங்கிலேயர் வசமாயிற்று. தோல்விகளுக்கெல்லாம் பொறுப்பாளி எனக் குற்றஞ்சாட்டப்பட்ட லாலி, 1766 ஆம் ஆண்டில் பாரிசில் தலை வெட்டுண்டார்.

தஞ்சைக்குக் கிடைத்த பரிசு யாது? போர் ஓய்ந்தபின் 1762 ஆம் ஆண்டில் சென்னை அதிகாரிகள் நடுவர்களாக அமர்ந்தனர். பழைய பாக்கிக்காக 22 இலட்சமும், ஆண்டுதோறும் 4 இலட்சமும் பிரதாபசிங்கர் நவாபுக்குச் செலுத்த வேண்டும் என்று முடிவு செய்தனர். நவாபோ கும்பினியாருக்குப் பெருங்கடன் பட்டவர். ஆதலின் அப்பணம் எவ்விடம் சென்று சேர்ந்தது என்பதை எளிதில் உணரலாம். அடுத்த ஆண்டில் பிரதாபசிங்கர் மறைந்தார். அவர் மகன் துளஜாவின் காலத்தில், 1773 ஆம் ஆண்டில், அதே கும்பினிப் படை தஞ்சையைப் பிடித்து நவாபுக்குக் கொடுத்தது. இலண்டன் தலைவர்களின் கட்டளையால் 1776 ஆம் ஆண்டில் திருப்பித் தந்தது.

காரைக்கால் பன்முறை கைம்மாறி 1817 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரிடம் மீண்டது. 1954 நவம்பர் 1 ஆம் நாள் இந்தியாவின் ஆட்சிக்குள் வந்தது. 56 இலட்சத்து முறி முழுமையாகச் செல்லுபடி ஆகவே இல்லை. ஆனால் 60,000 சக்கரத்திற்கு ஈடாக வைத்த ஊர்கள் மீட்கப்படவும் இல்லை. இன்றும் நாகூரினின்று காரைக்கால் செல்லும் சாலையில் எல்லையைக் கடக்குமிடம், அந்த எட்டு ஊர்களுள் ஒன்றாகிய வாஞ்சியூரே. வாஞ்சூர் என இக்காலத்து வழங்கும் அவ்வூரில், ஓர் ஆட்சிப்பகுதி முடிந்து மற்றொன்று தொடங்குகிறது.