மருமகள் வருமுன்னே பத்திரம் வரட்டும்



தமிழகத்திலிருந்து பெண்ணெடுக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் அற்றுப்போகவில்லை. உறவு விட்டுப்போகக் கூடாது என்று மாமன் மகளையும் அத்தை மகளையும் தேடிப் போகிறோம். நகை, புடவை, பந்தல், விமானச் சீட்டு ஆகியவற்றுக்கு மாதக்கணக்கில் திட்டம் போடுகிறோம். ஆனால், வருகிற மருமகள் எந்த அனுமதியின் பேரில் இந்த மண்ணில் வாழ்வாள், அவள் பெறும் பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை என்ற கேள்வியைக் கடைசியில்தான் கேட்கிறோம். சில வீடுகளில் கேட்பதே இல்லை. அந்தக் கேள்விக்கு விடை காண்பதே இன்றைய உரையின் நோக்கம்.

பத்திரம் இல்லாத துன்பம் நமக்குப் புதிதல்ல. 1957இல் நாடு சுதந்திரம் பெற்ற பிறகும், குடியுரிமைக்கு மனுச் செய்யாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்துவிட்டவர்கள் தோட்டங்களில் ஏராளம். 1969ஆம் ஆண்டுக்குப் பின்னர், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற நிலை வந்தது. பல்லாயிரவர் வேலையிழந்து கப்பலேறினர். தகப்பன் அங்கே, பிள்ளை இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. அந்தப் பாடத்தை நாம் மறக்கலாகாது.

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மலேசியக் குடிமகனான ஓர் இளைஞர், சுற்றுப்பயணியாக வந்த உறவுப் பெண்ணுக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டுகிறார். ஊரே கூடி வாழ்த்துகிறது. ஆனால் திருமணம் பதிவாகவில்லை. அடுத்த ஆண்டு ஆண் குழந்தை பிறக்கிறது. பிறப்பைப் பதியப் போகும்போது முகப்பில் திருமணச் சான்றிதழைக் கேட்கிறார்கள். இல்லை. பிறப்புப் பத்திரத்தில் ‘குடிமகன் அல்லர்’ என்று எழுதப்படுகிறது.

இது ஏன்? முஸ்லிம் அல்லாதவர்களுக்கான திருமண, மணவிலக்குச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அன்று முதல், இங்கு நடக்கும் திருமணத்துக்குத் தாலியும் மாலையும் மட்டும் போதாது. அது சட்டப்படி நடத்தப்பட்டுப் பதிவாக வேண்டும். சட்டப்படி மணம் புரியாத பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமையைத் தீர்மானிக்கும்போது, தகப்பனை அல்ல, தாயைத்தான் பார்க்க வேண்டும் என்று நமது அரசியலமைப்புச் சட்டம் கூறுகிறது. தாய் வெளிநாட்டவர் என்றால், தகப்பன் நீல அட்டைக்காரராக இருந்தும் பிள்ளைக்கு அந்த உரிமை போய்விடுகிறது. பெற்றோர் பின்னால் பதிவு செய்துகொண்டாலும் அதைச் சரிசெய்ய ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். பள்ளியில் சேர்க்கும்போதும், 12 வயதில் அடையாள அட்டை எடுக்கும்போதும் அந்த ஒரு வரியே குறுக்கே வந்து நிற்கும்.

ஆகவே, வரிசை முக்கியம். முதலில் பதிவு, பிறகு பாஸ், பிறகு பிள்ளை.

பதிவை எப்படிச் செய்வது? திருமணம் இங்கே நடப்பதாக இருந்தால், தேசியப் பதிவுத் துறையில் மனுச் செய்ய வேண்டும். மணமகள் வெளிநாட்டவர் என்பதால் அவருடைய கடப்பிதழோடு, அவர் திருமணமாகாதவர் என்பதற்கு அவர் நாட்டு அதிகாரிகள் தரும் சான்றும் வேண்டும். மனுச் செய்தபின் 21 நாள்களுக்கு அறிவிப்பு ஒட்டப்படும். ஆதலால் முகூர்த்தத்துக்கு முதல் வாரம் போய் நின்றால் காரியம் ஆகாது. கோயிலில் மணம் முடிக்க விரும்பினால், அங்கே அரசு நியமித்த உதவிப் பதிவதிகாரி இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் முன்னிலையில் தாலி கட்டி, அங்கேயே கையெழுத்துப் போடலாம். சடங்குக்கும் சட்டத்துக்கும் பகையில்லை.

திருமணம் தமிழகத்தில் நடந்தால், அங்கேயே முறைப்படி பதிவு செய்து சான்றிதழ் வாங்குங்கள். பின்னர் மணம் நடந்த 6 மாதத்துக்குள், சென்னையிலுள்ள மலேசியத் துணைத் தூதரகத்திலோ, நாடு திரும்பியதும் இங்குள்ள பதிவுத் துறையிலோ அதைப் பதிய வேண்டும்.

அடுத்தது பாஸ். சுற்றுப்பயணிக்குத் தரும் அனுமதி குடும்பம் நடத்துவதற்கான அனுமதி அல்ல. குடிமகனின் மனைவிக்கு நீண்டகாலச் சமூக வருகை பாஸ் இருக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து குடிநுழைவுத் துறையில் மனுச் செய்ய வேண்டும். கணவரே பொறுப்பாளி. திருமணச் சான்றிதழ், இருவருடைய அடையாளப் பத்திரங்கள் எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பாருங்கள். ஒரு பத்திரத்தில் ‘முனியம்மாள்’, இன்னொன்றில் ‘முனியம்மா’ என்றிருந்தாலும் தாமதம் ஏற்படலாம். பாஸ் முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். தேதி கடந்து தங்குவது குற்றம். அபராதமும் சிறையும் உண்டு. வேலைக்குப் போக வேண்டுமானால், அதற்கான ஒப்புதலைக் குடிநுழைவுத் துறையில் தனியே பெற்ற பின்னரே போகவேண்டும்.

இந்தப் பாஸில் குறிப்பிட்ட காலம் தொடர்ந்து இங்கு வாழ்ந்தபின் நிரந்தரவாசத்துக்கு மனுச் செய்யலாம். கிடைத்தால் சிவப்பு அடையாள அட்டை வரும். குடியுரிமை அதற்கும் அடுத்த படி. மனுச் செய்யலாம் என்பதால் கிடைத்தே தீரும் என்று எண்ணிவிடக் கூடாது. முடிவு அரசாங்கத்தின் கையில். அதனால்தான் மனுவின் நகல், ரசீது, கடிதம் எதையும் எறியாமல் ஒரே உறையில் வைத்திருக்க வேண்டும்.

நம் பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தற்காலிக வேலை அனுமதியில் வந்திருக்கும் தொழிலாளர் இங்கே மணம் புரியவோ குடும்பத்தை வரவழைக்கவோ அந்த அனுமதி இடம் கொடுப்பதில்லை. ‘எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சை நம்பி நம் பெண்கள் ஏமாந்துவிடக் கூடாது. மேலும், குடிமகனின் மனைவி பதிவின் மூலம் குடியுரிமை பெற அரசியலமைப்பு வழி வைத்திருக்கிறது. குடிமகளின் கணவருக்கு அவ்வழி இல்லை.

பிள்ளை பிறந்துவிட்டால் தீபகற்ப மலேசியாவில் 60 நாள்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். தகப்பனும் தாயும் நேரில் போவது நல்லது. பத்திரம் கைக்கு வந்ததும் முகப்பை விட்டு நகருமுன், ஒவ்வொரு வரியையும் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். பிழை இருந்தால் அன்றே சொல்லுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முகவர் தேவையில்லை. ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்று சொல்லிப் பணமும் அசல் பத்திரங்களும் கேட்பவரிடம் இரண்டையும் கொடுக்காதீர்கள். துறையின் முகப்பில் நேரே கேளுங்கள். போக அஞ்சினால், விவரம் தெரிந்த ஓர் ஆசிரியரையோ தொழிற்சங்கத் தலைவரையோ துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

நேயர்களே, கடல் கடந்து வரும் பெண் தாய் தகப்பனை விட்டு நம்மை நம்பி வருகிறாள். அவளுக்கு நாம் செய்யும் முதல் சீர், பதிவான திருமணச் சான்றிதழாக இருக்கட்டும். ஒரு பவுன் குறைந்தால் அடுத்த தீபாவளிக்குப் போட்டுவிடலாம். பிள்ளையின் குடியுரிமையை அப்படி வாங்கிப் போட முடியாது.