மொகதிஷு: விருந்தாளிக்கு வழக்காறு வகுத்த துறைமுகம்

தரம் பத்தில் ஒருநாள் சோமாலியா என்ற பெயர் வந்தது. உடனே பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை, "சேர், அது கடல் கள்ளன்மார்ர ஊர்தானே?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவன் சொன்னதை முழுப் பிழை என்று தள்ளவும் முடியாது. 2017 மார்ச்சில் எட்டு இலங்கை மாலுமிகளோடு சென்ற 'ஆரிஸ் 13' எண்ணெய்க் கப்பல் கடத்தப்பட்டது அந்த நாட்டுக் கரையோரத்தில்தான். ஆனால் அது மட்டுமே அந்த நாட்டின் கதையாகிவிடக் கூடாதே! வெளியூர் வியாபாரியை யாரும் ஏமாற்றாதபடி வழக்காறு வகுத்து வைத்திருந்த நகரமும் அதே நாட்டில்தான் இருக்கிறது.

அந்த நகரம் மொகதிஷு. அரபு நூல்கள் அதை மக்தஷவ் என்கின்றன. ஊரவர் வாயில் அது ஹமர். 1229இல் மறைந்த யாகூத் அல்-ஹமவி தனது புவியியல் அகராதியில் இந்நகரைக் குறிப்பிடுகிறார். பழைய நகரின் ஜும்ஆப் பள்ளி மினாராவிலுள்ள கல்வெட்டு ஹிஜ்ரி 636 (1238) என்றும், பக்ருத்தீன் பள்ளியின் கல்வெட்டு ஹிஜ்ரி 667 (1269) என்றும் காலம் சொல்கின்றன. ஆக, பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே கல்லால் பள்ளி கட்டும் அளவுக்கு அது வேரூன்றிய ஊர்.

1331 அளவில் இப்னு பதூதா அங்கு வந்திறங்கினார். அவர் கண்ட காட்சி இது: கப்பல் நங்கூரமிட்டதும் ஊர் இளைஞர்கள் சிறு வள்ளங்களில் வருவார்கள். ஒவ்வொருவர் கையிலும் மூடிய சாப்பாட்டுத் தட்டு. ஒரு வியாபாரியிடம் அதைக் கொடுத்து, 'இவர் என் விருந்தாளி' என்பார்கள். அதன்பின் அந்த வியாபாரி தங்குவது அந்த வீட்டில்தான். அவருடைய சரக்கை விற்பதும், அவருக்கு வேண்டியதை வாங்கிக் கொடுப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. விருந்தாளியிடம் யாராவது அடிமாட்டு விலைக்கு வாங்கினாலோ, வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் அவருக்கு எதையாவது விற்றாலோ, அந்த வியாபாரம் செல்லாது!

இதை வெறும் உபசாரம் என்று நினைத்துவிடக் கூடாது. அன்றைய கப்பல்கள் பருவக்காற்றை நம்பி ஓடியவை. காற்று திரும்புமுன் சரக்கை விற்று முடிக்க வேண்டும். வந்தவருக்கோ ஊர் மொழியும் தெரியாது, சந்தை விலையும் தெரியாது. அந்த அவசரத்தில் அவரை ஏய்ப்பது லேசு. ஆனால் ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த பருவத்தில் வேறு துறைமுகத்தைத்தான் தேடுவார். இந்த வழக்கத்தால் ஊராருக்கும் ஆதாயம் உண்டு என்பதை இப்னு பதூதாவே சொல்கிறார். அமானிதம் பேணுவதே அந்த ஊரின் மூலதனமாக இருந்தது.

அவரிடமும் ஓர் இளைஞர் வந்தார். 'இவர் வியாபாரி இல்லை, மார்க்க அறிஞர்' என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். உடனே 'அப்படியென்றால் இவர் காழியின் விருந்தாளி' என்று முடிவாயிற்று. காழியே மாணவர்களோடு கடற்கரைக்கு வந்து அழைத்துப் போனார். சுல்தான் அபூபக்ர் வெற்றிலை பாக்கு அனுப்பி வைத்தார். நெய்ச்சோறு, கோழி, இறைச்சி, மீன், மரக்கறி, பாலில் வேகவைத்த வாழைக்காய், கெட்டித் தயிர், ஊறுகாய் எலுமிச்சை, கொத்து மிளகு, பச்சை இஞ்சி, மாங்காய் என்று சாப்பாடு வந்தது. வாசிக்கும்போது நம்மட வீட்டுக் கல்யாணச் சஹன்தான் கண்ணில் நிற்கிறது!

அங்கு நெய்த துணி எகிப்துவரை போனது. ஆட்களும் போனார்கள். பின்னாளில் மலபாரின் ஏழிமலையில் இப்னு பதூதா ஸஈத் என்ற மொகதிஷு அறிஞரைச் சந்தித்தார். மக்காவில் 14 வருடம், மதீனாவில் 14 வருடம் இருந்து, சீனாவரை போய்வந்தவர் அவர். மாலைதீவின் ஒரு தீவை நிர்வகித்தவரும் அப்துல் அஸீஸ் என்ற மொகதிஷுக்காரரே. அதன்பின்தான், 1344இல், இப்னு பதூதா பாவா ஆதம் மலை ஏற நம் நாட்டுக்கு வந்தார்.

1499 ஜனவரியில் இந்தியாவிலிருந்து திரும்பிய வாஸ்கோ ட காமா இந்நகரை நோக்கிப் பீரங்கி சுட்டார். சாப்பாட்டுத் தட்டோடு கப்பலை வரவேற்ற துறைமுகத்துக்குக் கப்பலிலிருந்து வந்த பதில் அது. போர்த்துக்கேயரால் நகரைப் பிடிக்க முடியவில்லை. ஆயினும் பழைய கடல் வணிகம் பழையபடி இருக்கவில்லை. 1905இல் நகரம் இத்தாலியின் கைக்குப் போனது. 1960இல் சுதந்திரம் வந்தது. 1991இல் மூண்ட உள்நாட்டு யுத்தம் பழைய நகரையும் சிதைத்தது.

இவ்வளவையும் வகுப்பில் சொல்லி முடித்தேன். அதே பிள்ளை எழும்பி, "அப்ப சேர், அந்தத் தட்டுக் கொண்டு வந்த ஆக்கள்ர பிள்ளைகள்தானா இப்ப கப்பல் கடத்துறது?" என்று கேட்டான். இந்தமுறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. யுத்தத்தில் வீடிழந்த நமக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. அரசும் சட்டமும் உடைந்துபோனால் எந்த ஊருக்கும் அது நடக்கலாம் மகன் என்றேன்.