காற்றும் நீரும் சரியானால் வீடும் சரியாகும்!

ஆடி மாதம் பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரே காற்றுதான்!

கூரை ஓடு சடசடக்கும். கொடியில் காயப்போட்ட துணி பக்கத்துத் தெருவில் கிடக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று தேனிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் காற்றுக்கும் நாம் குடியிருக்கும் வீட்டுக்கும் சம்பந்தம் உண்டு. இதைச் சீனர்கள் ஒரு சாஸ்திரமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ‘பெங் சுயி’.

‘பெங்’ என்றால் காற்று. ‘சுயி’ என்றால் நீர்.

கல்லறைக்குப் பிறந்த சாஸ்திரம்

மனிதனுக்கு நன்மை செய்யும் உயிர்ச்சக்தி ஒன்று உண்டு. அது காற்றில் கலைந்து போகும். நீரைக் கண்டால் நின்றுவிடும். இது சீனர்களின் பழைய நம்பிக்கை. அந்தச் சக்திக்கு ‘சீ’ என்று பெயர்.

கி.பி. 276 முதல் 324 வரை வாழ்ந்த குவோ பூ என்ற அறிஞரின் பெயரால் வழங்கும் நூலில் இந்தக் கருத்து இருக்கிறது. அந்த நூல் எதற்காக எழுதப்பட்டது தெரியுமா? கல்லறைக்கு இடம் பார்ப்பதற்காக!

வடசீனாவில் குளிர்காலம் கொடுமையானது. வடக்கிலிருந்து எலும்பைத் துளைக்கும் குளிர்காற்று வீசும். ஆகவே, வீட்டுக்குப் பின்னால் வடக்கே மலை இருக்கவேண்டும், வாசல் தெற்கே பார்க்கவேண்டும், எதிரே நீர் இருக்கவேண்டும் என்று வகுத்தார்கள். மலை குளிரைத் தடுக்கும். தெற்கு வாசல் வழியே குளிர்கால வெயில் உள்ளே வரும். நம்பிக்கைக்குள் ஒரு நல்ல யோசனையும் இருக்கிறது அல்லவா?

ஹாங்காங் நகரில் கடலோரத்தில் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடம். அதன் நடுவே பெரிய ஓட்டை! மலையில் இருக்கும் டிராகன் கடலுக்குப் போய்த் தண்ணீர் குடிக்க வழி விட்டிருக்கிறார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள்.

நம் முன்னோர் பார்த்த மனை

நமக்கும் இது புதிதல்ல. வடமொழியில் மயமதம், மானசாரம் என்ற சிற்ப நூல்கள் உண்டு. தமிழில் மனையடி சாஸ்திரம் உண்டு. ஈசானி மூலை என்னும் வடகிழக்கில் கிணறு. அக்கினி மூலை என்னும் தென்கிழக்கில் அடுப்பு. இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு.

சங்க நூலான நெடுநல்வாடையில் ஓர் அரண்மனை கட்டும் செய்தி வருகிறது. சிற்பிகள் கோல் நட்டு, நண்பகல் நிழலைப் பார்த்துத் திசை குறிக்கிறார்கள். பிறகு நூல் பிடித்து மனை வகுக்கிறார்கள்.

சீனருக்கு மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஐந்து. நமக்கு நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம் என்று ஐந்து. ஊர்தான் வேறு, வீடு நன்றாக இருக்கவேண்டும் என்ற ஆசை ஒன்றே!

இந்தப் பள்ளத்தாக்கின் கணக்கு

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. சீனாவின் மலை வேறு; நம் மலை வேறு.

கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே ஏலமலை. மறுபக்கம் மேகமலை, வருசநாட்டு மலை. பள்ளத்தாக்கு தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி, மழையைக் கேரளத்தில் கொட்டிவிடுகிறது. பிறகு கணவாய் வழியே வெறும் காற்றாக இங்கே இறங்குகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுழல்வது இந்தக் காற்றால்தான்.

நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில்தான்.

ஆகவே இங்கே வீட்டைச் சோதிக்கும் திசை மேற்கு. காற்றும் அங்கிருந்து வருகிறது. பிற்பகல் வெயிலும் அங்கிருந்துதான் சுடுகிறது. மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல் வைத்தால் புழுதியும் அனலும் உள்ளே வரும். அந்தப் பக்கம் வேம்போ புங்கனோ வளர்த்தால் இரண்டும் தணியும்.

தென்கிழக்கில் அடுப்பு என்றார்களே, ஏன்? மேல்காற்று அடிக்கும்போது புகை வீட்டுக்குள் புகாமல் கிழக்கே போய்விடும் அல்லவா?

இடிக்கும் முன் ஒரு நிமிஷம்!

ஒரு குடும்பத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வீடு. கணவனுக்குத் தோட்ட வேலை. குழந்தைக்கு ஓயாத இருமல். மனைவிக்குச் சமையல்கட்டில் நின்றால் கண் எரிகிறது. ‘வாசல் சரியில்லை, இடித்துத் திருப்பி வை’ என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கணவன் மனைவியின் கழுத்துச் சங்கிலியைப் பார்க்கிறான்.

அவளோ, “சங்கிலி போனால் போகட்டுங்க. ஆனா வாசலைத் திருப்பினா புகை போயிருமா?” என்று கேட்கிறாள்.

நல்ல கேள்வி!

அடகுக் கடைக்குப் போகும் முன், காலணா வேலை ஒன்று இருக்கிறது. ஓர் ஊதுபத்தியை ஏற்றுங்கள். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அடுப்பங்கரையில் பிடித்துப் பாருங்கள். புகை எந்தப் பக்கம் போகிறது?

அந்த வீட்டில் அடுப்புக்குப் பின்னால் மேற்கு ஜன்னல். காற்று அதன் வழியே வந்து புகையைக் கூடத்துக்குத் தள்ளுகிறது. கிழக்கே கூரையோரம் இருந்த துவாரத்தைச் சாக்கு மூட்டைகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. மூட்டையை நகர்த்தி, ஆடி முடியும் வரை மேற்கு ஜன்னலைச் சாத்தி வைத்தால் பாதித் தொல்லை தீரும். குழந்தையின் இருமலுக்கு வாசல் வைத்தியம் பார்க்காது; டாக்டரிடம் காட்டவேண்டும்.

செய்யவேண்டியவை

எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் இருக்கட்டும். ஒன்றில் வரும் காற்று மற்றொன்றில் வெளியேறும்.

சூடான காற்று மேலே போகும். ஆகவே கூரையோரம் துவாரம் அவசியம்.

கழிப்பறைக் குழி கிணற்றுக்கு ஐம்பது அடி தள்ளி, பள்ளமான பக்கத்தில் இருக்கட்டும்.

நடைவழியில் சாமான் குவிக்காதீர்கள். தேங்கிய நீரில் கொசு வளரும், அன்றாடம் கொட்டிவிடுங்கள்.

கடைச் சரக்கு

இப்போது பெங் சுயி என்ற பெயரில் கடைகளில் பல பொருள்கள் விற்கிறார்கள். தொந்தி குலுங்கச் சிரிக்கும் ‘புத்தர்’ உண்மையில் கௌதம புத்தர் அல்லர். பூதாய் என்ற சீனத் துறவி. ‘அதிர்ஷ்ட மூங்கில்’ மூங்கிலே அல்ல. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஒரு செடி. காற்றில் ஆடும் மணியைத் தேனியில் ஆடி மாதம் கட்டிப் பாருங்கள். இரவு முழுவதும் தூக்கம் வராது!

அழகுக்காக வைத்தால் தவறில்லை. ஆனால் ‘சீ’ என்ற சக்தியை எந்தக் கருவியும் அளந்து காட்டியதில்லை. கடன் வாங்கி வாங்கவேண்டிய பொருள் எதுவும் இல்லை.

கூடத்தில் மாட்டிய படம்

இந்தப் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் ஓர் ஆங்கிலேயரின் படம் தொங்குகிறது. அவர் என்ஜினீயர் பென்னிகுயிக். மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்த பெரியாற்றை மறித்து, 1887-ல் அணை கட்டத் தொடங்கினார். வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, அவர் விடவில்லை. 1895-ல் மலையைக் குடைந்த வழியே தண்ணீர் கிழக்கே வந்தது. வறண்ட நிலத்தில் நெல் விளைந்தது. 2013-ல் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த ஜனவரி 15-ந் தேதி இங்கே பொங்கல் வைக்கிறார்கள்.

நீர் எங்கே போகிறது என்று கவனித்துப் பார்த்தவர் அவர். அந்தப் படத்தின் கீழே நின்று, நம் வீட்டில் காற்று எங்கே போகிறது என்று நாமும் பார்க்கலாம்.

அந்த மனைவியின் சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். ஊதுபத்தியை ஏற்றுங்கள்!