பிரித்தானிய தேசிய சுகாதாரச் சேவை: செலவும் நியாயமும்

தேசிய சுகாதாரச் சேவை என்பது பிரித்தானியாவில் 1948 சூலை 5 அன்று தொடங்கப்பட்ட அரசு மருத்துவ அமைப்பாகும். என்.எச்.எஸ். என்ற சுருக்கப் பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது. அந்நாட்டில் வசிக்கும் ஒருவர் குடும்ப மருத்துவரைப் பார்க்கவோ, மருத்துவமனையில் அறுவை செய்துகொள்ளவோ, பிள்ளை பெறவோ அந்த இடத்தில் பணம் கட்ட வேண்டியதில்லை. செலவின் பெரும்பகுதி பொது வரியிலிருந்தும், ஒரு பகுதி ஊதியத்தில் பிடிக்கப்படும் தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பிலிருந்தும் வருகிறது. நோயாளிகள் நேரடியாகச் செலுத்தும் கட்டணம் மொத்தத்தில் மிகச் சிறு பங்கே.

இதைத் தமிழில் 'இலவச மருத்துவம்' என்று எழுதுவது வழக்கம். அது பாதி உண்மைதான். கட்டணத்தை எடுத்துவிட்டால் செலவு மறைந்துவிடுவதில்லை. யாருக்கு முதலில், எந்த ஊருக்கு எவ்வளவு, எந்த மருந்துக்கு எதுவரை என்று யாரோ முடிவு செய்தாக வேண்டும். சந்தையில் அதை விலை முடிவு செய்கிறது. பிரித்தானியாவில் காத்திருப்போர் பட்டியலும், நிதிப் பங்கீட்டுச் சூத்திரமும், மருந்துகளை எடைபோடும் குழுவும் அந்த வேலையைச் செய்கின்றன. இவை எவ்வளவு நியாயமாக நடக்கின்றன என்பதே கடந்த முக்கால் நூற்றாண்டாக அங்கே ஓயாத வாதம்.

தொடக்கம்

1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டம் குறைந்த வருமானத் தொழிலாளர்களுக்கு மருத்துவரைப் பார்க்கும் உரிமையைத் தந்தது. ஆனால் அந்த உரிமை தொழிலாளியோடு நின்றது. அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், மருத்துவரின் கட்டணத்தை நினைத்துத் தள்ளிப்போடும் முதல் ஆள் பெரும்பாலும் தாய்தான். மருத்துவமனைகளில் சில நன்கொடையில் நடந்தன, சில நகராட்சிகளின் கையில் இருந்தன. ஓர் ஊரில் நல்ல மருத்துவமனை இருப்பதும் இல்லாததும் அவ்வூரில் செல்வந்தர்கள் இருந்தார்களா என்பதைப் பொறுத்தது.

வேல்சின் நிலக்கரிப் பகுதியான டிரெடெகரில் சுரங்கத் தொழிலாளர்களும் எஃகு ஆலைத் தொழிலாளர்களும் வாரக் கூலியில் ஒரு சிறு தொகை கொடுத்து, தங்களுக்கென ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினர். சங்கமே மருத்துவர்களை அமர்த்தியது. குடும்பத்தார் அனைவருக்கும் சிகிச்சை உண்டு. அவ்வூரில் பிறந்து, 13 வயதில் சுரங்கத்தில் இறங்கியவர் அனைரின் பெவன். 1945இல் கிளமென்ட் அட்லியின் தொழிற்கட்சி அரசில் சுகாதார அமைச்சரானபோது, 1942இல் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை ஏற்கெனவே நாடு தழுவிய சுகாதாரச் சேவைக்கு வழி சொல்லியிருந்தது. பெவன் அதைவிடத் துணிந்து, இங்கிலாந்திலும் வேல்சிலும் இருந்த 2,688 மருத்துவமனைகளை அரசுடைமையாக்கினார்.

மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. சம்பளக்காரர்களாகிவிடுவோம் என்ற அச்சம் அவர்களுக்கு. இறுதியில் பெவன் இரண்டு விட்டுக்கொடுப்புகள் செய்தார். குடும்ப மருத்துவர்கள் அரசு ஊழியராகாமல் ஒப்பந்தக்காரர்களாகவே நீடிக்கலாம். மருத்துவமனை நிபுணர்கள் அரசுப் பணியோடு தனியார் நோயாளிகளையும் பார்க்கலாம். அதற்கு அரசு மருத்துவமனையிலேயே கட்டணப் படுக்கைகளும் உண்டு. இந்த இரண்டாவது விட்டுக்கொடுப்பைக் கீழே மீண்டும் சந்திக்க நேரும்.

கண்ணாடியும் பல்செட்டும்

முதல் ஆண்டிலேயே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மூக்குக்கண்ணாடிகள் வழங்கப்பட்டன. அதுவரை பலர் கடையில் அடுக்கியிருந்த மலிவுக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, ஓரளவு தெரிகிற ஒன்றை வாங்கிக்கொண்டிருந்தனர். பல் மருத்துவர்களிடமும் கூட்டம் அலைமோதியது. மதிப்பீடுகள் எல்லாம் தவறிப்போயின. இலவசம் என்றதும் மக்கள் தேவையில்லாமல் வாங்கிக் குவிக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. பல ஆண்டுகளாகப் பல்வலியோடும் மங்கிய பார்வையோடும் வாழ்ந்தவர்கள் ஒரே நேரத்தில் வந்ததை ஊதாரித்தனம் என்று சொல்வது சரியல்ல. ஆனால் கருவூலத்துக்குக் காரணம் முக்கியமில்லை.

1951இல் கொரியப் போருக்கான ஆயுதச் செலவு சேர்ந்துகொண்டது. நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கல் கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் பாதி விலை வசூலிக்க முடிவு செய்தார். பெவன் பதவி விலகினார். மறு ஆண்டு மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் வந்தது.

சேவை நாட்டைத் திவாலாக்கிவிடுமா என்று ஆராய 1953இல் கில்லபோ தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. வீண்செலவைக் கண்டுபிடிக்கும் என்று அமைச்சர்கள் எதிர்பார்த்த குழு அது. 1956இல் வந்த அறிக்கை நேர்மாறாக இருந்தது. தேசிய உற்பத்தியில் சேவையின் பங்கு 1949-50இல் 3.75 விழுக்காடாக இருந்தது, 1953-54இல் 3.25 விழுக்காடாகக் குறைந்திருந்தது. பவுண்டுக் கணக்கில் தொகை உயர்ந்ததற்குப் பெரும்பாலும் விலைவாசியே காரணம். மருத்துவச் செலவு பற்றிய செய்தியைப் படிக்கும் மாணவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தொகையை மட்டும் பார்ப்பதா, நாட்டின் வருமானத்தில் பங்காகப் பார்ப்பதா என்பதைப் பொறுத்து முடிவு தலைகீழாகலாம். இன்று பிரித்தானியா உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 11 விழுக்காட்டை, தனியார் செலவும் சேர்த்து, மருத்துவத்துக்குச் செலவிடுகிறது. அனைவருக்குமான அமைப்பு இல்லாத அமெரிக்காவில் அது சுமார் 17 விழுக்காடு.

மருந்துச் சீட்டுக் கட்டணம் 1965இல் நீக்கப்பட்டு 1968இல் திரும்பியது. அப்போது, நாள்பட்ட நோயாளிகளில் யார் கட்டணம் தர வேண்டாம் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். மருந்து எடுத்துக்கொள்ளும் நீரிழிவு நோயாளிக்கு விலக்கு உண்டு. ஆஸ்துமா நோயாளிக்கு இல்லை. 2009இல் புற்றுநோய் சேர்க்கப்பட்டதைத் தவிர அந்தப் பட்டியல் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இங்கிலாந்தில் 2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. சிறுவர், 60 வயது கடந்தோர், கர்ப்பிணிகள், வறியோர் ஆகியோருக்கு விலக்கு இருப்பதால், பத்தில் ஒன்பது மருந்துகள் கட்டணமின்றியே போகின்றன. எஞ்சிய அந்த ஒரு பங்கில்தான் மூச்சிழுப்பானுக்குப் பணம் கட்டும் ஆஸ்துமாக்காரரும் இருக்கிறார். வேல்ஸ் 2007இலும், வட அயர்லாந்து 2010இலும், ஸ்காட்லாந்து 2011இலும் இக்கட்டணத்தையே ஒழித்துவிட்டன. ஆகவே ஒரே நாட்டில், எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வசிப்பவர் கட்டுகிறார், அந்தப் பக்கம் வசிப்பவர் கட்டுவதில்லை.

பணம் எந்த ஊருக்கு?

1948இல் அரசு மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டபோது அவை இருந்த இடங்களையும் அப்படியே எடுத்துக்கொண்டது. பழைய நன்கொடை மருத்துவமனைகளும் மருத்துவக் கல்லூரிகளும் லண்டனில் குவிந்திருந்தன. ஆண்டுதோறும் நிதி எப்படிப் பிரிக்கப்பட்டது? சென்ற ஆண்டு கொடுத்ததோடு சிறிது கூட்டி. இருந்தவருக்கு மேலும் கிடைத்தது. கால் நூற்றாண்டுக் காலம், பொதுப் பணத்தில் நடந்த சமத்துவ அமைப்பு ஒன்று பழைய ஏற்றத்தாழ்வை ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்திலும் புதுப்பித்துக்கொண்டே வந்தது.

இதை உரக்கச் சொன்னவர் தெற்கு வேல்சின் கிளின்கோர்க் என்னும் சுரங்கக் கிராமத்தில் பணியாற்றிய குடும்ப மருத்துவர் ஜூலியன் டூடர் ஹார்ட். 1971இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரையில், நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கே குறைவாகவும், எங்கே தேவை குறைவோ அங்கே அதிகமாகவும் கிடைக்கிறது என்றார். இதற்குத் 'தலைகீழ்க் கவனிப்பு விதி' என்று பெயரிட்டார். சந்தையின் பிடி எவ்வளவு இறுகுகிறதோ, அவ்வளவுக்கு இவ்விதி வலுப்பெறும் என்பதும் அவர் கருத்து. நோயாளிகள் மிகுந்த சுரங்க ஊரில் ஒரு மருத்துவர் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்க, வசதியான புறநகரில் மருத்துவர்கள் பலர் நிதானமாக நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

1975இல் அரசு நிதிப் பங்கீட்டுக்கான பணிக்குழு ஒன்றை அமைத்தது. மறு ஆண்டு அதன் அறிக்கை வந்தது. அது முன்வைத்த வழி எளிது. ஒரு வட்டாரத்தின் மக்கள்தொகையை எடுத்துக்கொள். அதில் முதியோரும் குழந்தைகளும் எத்தனை என்று பார்த்துத் திருத்து. பிறகு இறப்பு விகிதத்தைக் கொண்டு மேலும் திருத்து. நோயை நேரடியாக அளப்பது கடினம். இறப்புக்கோ பதிவேடு இருக்கிறது. இறப்பு மிகுந்த இடத்தில் நோயும் மிகுந்திருக்கும் என்பது அனுமானம். இந்தக் கணக்கின்படி வர வேண்டிய பங்கை நோக்கி ஒவ்வொரு வட்டாரமும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நகர்த்தப்பட்டது.

லண்டன் மருத்துவமனைகள் கூக்குரலிட்டன. அவர்கள் முறையீட்டில் உண்மை இல்லாமலும் இல்லை. லண்டன் வட்டாரம் மொத்தத்தில் வசதியானது என்றாலும், அதன் கிழக்குப் பகுதிகளில் வறுமை இருந்தது. வட்டாரச் சராசரியில் அது மறைந்துபோயிற்று. சூத்திரம் பின்னர் பலமுறை மாற்றப்பட்டது. ஆயினும் பணம் பழக்கத்தின்படி போகாமல் தேவையின்படி போக வேண்டும் என்ற கொள்கை நின்றுவிட்டது. என்.எச்.எஸ். வரலாற்றில் பெவனின் பெயர் எல்லாருக்கும் தெரியும். இந்தக் குழுவை யாரும் நினைப்பதில்லை. நியாயம் என்ற வகையில் அது செய்தது சிறிய வேலையல்ல.

அதே வேளையில், மருத்துவம் மட்டும் எல்லாவற்றையும் சமன்செய்யாது என்பதும் தெரியவந்தது. 1980இல் வெளியான பிளாக் அறிக்கை, திறனற்ற கூலித் தொழிலாளர் வகுப்பில் இறப்பு விகிதம் உயர்தொழில் வகுப்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று காட்டியது. வீடு, வருமானம், வேலை ஆகியவற்றையும் கவனிக்கச் சொன்ன அறிக்கையை அன்றைய அரசு விரும்பவில்லை. 260 படிகள் மட்டும் எடுத்து, ஆகஸ்ட் விடுமுறைக் காலத்தில் வெளியிட்டது. இங்கிலாந்தின் மிக வறிய பகுதிகளுக்கும் மிக வசதியான பகுதிகளுக்கும் இடையே ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 2018-2020இலும் 10 ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக வேறுபட்டது.

ஒரு ஆண்டு வாழ்வின் விலை

புதிய மருந்து ஒன்றை வாங்கலாமா என்பதை இங்கிலாந்தில் 1999 முதல் 'நைஸ்' என்ற நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒரு மருந்து நோயாளிக்கு எத்தனை ஆண்டு வாழ்வைக் கூட்டுகிறது, அந்த ஆண்டுகள் எவ்வளவு நலமானவை என்று சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். முழு நலத்தோடு ஓராண்டு என்பது 1. பாதி நலத்தோடு இரண்டாண்டு என்பதும் 1. அந்த ஒன்றைப் பெற 20,000 முதல் 30,000 பவுண்டு வரை செலவானால் ஏற்கலாம் என்பது நெடுங்கால வழக்காக இருந்தது. அதற்கு மேல் போனால் சிறப்புக் காரணம் வேண்டியிருந்தது.

உயிருக்கு விலை போடுகிறார்கள் என்று இதைத் திட்டுவது எளிது. ஆனால் வரவுசெலவுத் தொகை நிலையானது. விலையுயர்ந்த மருந்துக்குப் போகும் பணம் வேறொருவரின் இடுப்பு அறுவையிலிருந்தோ மனநலச் சிகிச்சையிலிருந்தோதான் வரும். அந்த வேறொருவர் தொலைக்காட்சியில் தோன்றுவதில்லை. 2011இல், நைஸ் மறுத்த புற்றுநோய் மருந்துகளுக்காக அரசு தனி நிதி ஒன்றைத் தொடங்கியது. மக்கள் வரவேற்றனர். சிறுநீரக நோய்க்கோ நரம்பு நோய்க்கோ ஏன் அப்படி ஒரு நிதி இல்லை என்ற கேள்விக்கு விடை இல்லை. செலவு கட்டுக்கடங்காமல் போய், 2016இல் நிதியைத் திருத்தி நைஸின் கீழேயே கொண்டுவந்தார்கள்.

காத்திருப்பு

பணம் பற்றாதபோது வரிசை நீளும். மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்டோரில் 92 விழுக்காட்டினருக்கு 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் விதி. 2016க்குப் பின் அது நிறைவேறவில்லை. 2023 செப்டம்பரில் பட்டியலில் ஏறக்குறைய 77 லட்சம் சிகிச்சைகள் காத்திருந்தன. ஒருவரே இரண்டு சிகிச்சைகளுக்குக் காத்திருக்கலாம் என்பதால் ஆட்களின் எண்ணிக்கை சற்றுக் குறைவு.

வரிசை ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒன்றுதானே என்று தோன்றலாம். அங்கேதான் 1948இன் விட்டுக்கொடுப்பு வேலை செய்கிறது. கண்புரை அறுவைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் ஒருவர், பணம் இருந்தால், தனியார் மருத்துவமனையில் சில வாரத்தில் செய்துகொள்ளலாம். சில நேரம் அதே நிபுணரிடமே. மூட்டுவலியோடு பாரம் தூக்கும் தொழிலாளிக்கு ஆறு மாதக் காத்திருப்பு என்பது ஆறு மாதக் கூலி. அலுவலக நாற்காலியில் இருப்பவருக்கு அப்படியில்லை.

கணக்கில் வராத செலவு

சேவையின் செலவில் ஒரு பகுதியை பிரித்தானியா ஒருபோதும் கட்டியதில்லை. சுரங்க ஊர்களிலும் பழைய ஆலை நகரங்களிலும் வேலை பார்க்க உள்நாட்டு மருத்துவர்கள் தயங்கினர்; முதியோர் மருத்துவம், மனநோய் மருத்துவம் ஆகிய துறைகளையும் அவர்கள் விரும்பவில்லை. 1950களிலிருந்து அந்த இடங்களை நிரப்பியோரில் பெருந்தொகையினர் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை நாடுகளில் படித்தவர்கள். தமிழ் மருத்துவர்களும் அவர்களில் உண்டு. அவர்களைப் படிக்கவைத்த செலவை ஏற்றவை, தம் கிராமங்களுக்கே மருத்துவர் போதாத நாடுகள்.

2015இல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து விசாவில் வருவோருக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு சுகாதார மேல்வரி விதிக்கப்பட்டது. 2024 பிப்ரவரி முதல் அது 1,035 பவுண்டு, மாணவர்களுக்கு 776. விசா விண்ணப்பத்தோடு, தங்கும் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். வேலைக்குப் போனால் மற்றவர்களைப் போல வருமான வரியும் காப்பீட்டுப் பங்களிப்பும் உண்டு. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ படிக்கப் போகும் ஒருவருக்கு இச்சேவை முதலில் அறிமுகமாவது இந்தக் கட்டணச் சீட்டின் வழியாகத்தான். கோவிட் தொற்றின் முதல் அலையில், மருத்துவமனையில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்த வெளிநாட்டுச் செவிலியர்களும் துப்புரவாளர்களும் தாங்கள் பணிபுரியும் மருத்துவமனையின் சிகிச்சைக்கே இந்த மேல்வரியைக் கட்டிக்கொண்டிருந்தது பேச்சானது. 2020 மே மாதம் அரசு சுகாதாரப் பணியாளர்களுக்கும் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் விலக்கு அறிவித்தது.