பிரயாணத்தில் உடையின் தூய்மை

சென்ற ஆண்டு ஓர் இரவு, சென்னை எழும்பூரிலிருந்து நெல்லைக்குச் செல்லும் ரயிலில் வந்துகொண்டிருந்தேன். சாத்தூரைக் கடந்து வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பஜ்ருடைய நேரம் வந்திருந்தது. உளூச் செய்து இருக்கைக்குத் திரும்பிய நான், எதிரில் அமர்ந்திருந்த பெரியவரைத் தொழுகைக்கு அழைத்தேன். அவர் கடற்கரை ஊரொன்றைச் சேர்ந்த வணிகர். வயது எழுபதை நெருங்கியிருக்கும். இரவு உறங்கும் வரை தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தவர், இப்போது தயங்கினார். "நீங்க தொழுங்க ஹள்ரத். என் கைலி சரியில்லை, கழிவறைத் தண்ணி பட்டுடுச்சு. ஊருக்குப் போய்க் குளிச்சு, உடுப்பு மாத்திக் களாச் செஞ்சுக்குவேன்" என்றார். இஷா என்னவாயிற்று என்று கேட்டேன். அதற்கும் அதே காரணத்தையே சொன்னார்.

தொழுகையில் அலட்சியமுள்ளவர் சொல்லும் சாக்கு அன்று இது. தொழுகையின் கண்ணியத்தை எண்ணி அஞ்சுகின்றவர்களே இதற்கு அதிகமாக ஆளாகின்றனர். உடை தூய்மையாக இருப்பது தொழுகையின் நிபந்தனை என்பதை அவர்கள் அறிவார்கள். அல்முத்தஸ்ஸிர் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே ஆடைகளைத் தூய்மைப்படுத்துமாறு நாயகம் (ஸல்) அவர்களுக்கு இறைவன் கட்டளையிட்டிருக்கின்றான். ஆனால் தூய்மையின்மை என்பது எது, அது எதனால் உறுதியாகும், எவ்வளவு எளிதாக நீங்கும் என்பனவற்றை நம்மில் பலர் ஓதிய நாளோடு மறந்துவிடுகின்றோம்.

அழுக்கு வேறு, நஜீஸ் வேறு. வியர்வை, புழுதி, தேநீர்க் கறை, எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை அழுக்கே தவிர நஜீஸ் அல்ல. நான் சிறுவனாயிருந்த காலத்தில் நிலக்கரி எஞ்சின் இழுத்த வண்டியில் ஏறினால், வெள்ளை ஜிப்பா சாம்பல் நிறமாகித்தான் இறங்குவோம். அதே உடையோடு என் தந்தையார் ரயிலடிப் பள்ளிவாசலில் தொழுவார்கள். இறைவன் சந்நிதானத்தில் நிற்கும்போது நல்லுடை உடுத்துவது அழகு. அதற்கு வசதியில்லாதபோது அழுக்குடையோடு தொழுதாலும் தொழுகை கூடும். கொசுவை அடித்த இடத்தில் படும் இரத்தத் துளியையும் இமாம்கள் மன்னிக்கப்பட்டதாகவே வைத்துள்ளனர். மழைக்காலத்துத் தெருச்சேற்றில் அசுத்தம் கலந்திருப்பது உறுதியென்றாலும், தவிர்க்க முடியாத அளவு உடையில் தெறித்தது மன்னிக்கப்படும் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். அந்த அளவும் காலத்துக்கேற்ப மாறும். உடையின் கீழ்விளிம்புக்குள்ள சலுகை தோளுக்கும் சட்டைக்கைக்கும் இல்லை.

இனிச் சந்தேகத்தைப் பார்ப்போம். பெரியவருடைய கைலியில் பட்டது கழிவறைத் தரையில் கிடந்த தண்ணீர். அது குழாயிலிருந்து சிந்திய நீராகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். உறுதியானது ஐயத்தினால் நீங்குவதில்லை என்பது பிக்ஹுக் கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. கைலி தூய்மையாயிருந்தது என்பது உறுதி, அசுத்தமாயிற்று என்பது ஐயம். ஆகவே கைலி தூய்மையானதே. ஹோட்டல் படுக்கை விரிப்பு, சலவைக்குப் போட்டு வாங்கிய சட்டை, பஸ் இருக்கை ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த விதி பொருந்தும். தபூக் பிரயாணத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் நாட்டு ஜுப்பா ஒன்றை அணிந்திருந்ததாகவும், அதன் கைப்பகுதி குறுகலாயிருந்ததால் கைகளை ஜுப்பாவின் கீழ்ப்புறமாக வெளியே எடுத்து உளூச் செய்ததாகவும் முகீரா இப்னு ஷுஅபா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில் ஷாம் தேசம் முஸ்லிம்களின் நாடாக இல்லை. அந்தத் துணியை நெய்தவர் யார், தைத்தவர் யார் என்ற விசாரணை அங்கு நடைபெறவில்லை.

உமர் (ரலி) அவர்கள் இந்த வழியில் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். ஒரு பிரயாணத்தில் நீர்த்தடாகம் ஒன்றை அடைந்தபோது, கூட வந்த அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், காட்டு விலங்குகள் இதில் வந்து நீர் அருந்துமா என்று தடாகத்துக்காரரிடம் கேட்டார்கள். அதைச் சொல்ல வேண்டாம் என்று அவரைத் தடுத்துவிட்டார்கள் கலீபா அவர்கள். துருவிக் கேட்டுச் சிரமத்தை வரவழைத்துக்கொள்ள அவர்கள் விரும்பவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இச்செய்தி இடம்பெறுகின்றது.

அதே நூலில் இன்னொரு பயணச் செய்தியும் உண்டு. நம் பெரியவர் கேட்க வேண்டியது இதுதான். உம்ராவுக்குச் சென்ற கூட்டம் இரவில் வழியில் தங்குகின்றது. உறக்கத்தில் உமர் (ரலி) அவர்களுக்குக் குளிப்பு கடமையாகி, உடையிலும் கறை பட்டுவிடுகின்றது. விடியும் நேரம், கூட்டத்தில் தண்ணீர் இல்லை. வாகனத்தில் ஏறி நீருள்ள இடத்துக்கு விரைந்து, கண்ணில் பட்ட கறைகளைக் கழுவத் தொடங்குகின்றார்கள். வெளிச்சம் பரவிவிடுகின்றது. நம்மிடம் வேறு உடைகள் உள்ளன, இதை விட்டுவிடுங்கள், பிறகு கழுவிக்கொள்ளலாம் என்கின்றார்கள் அம்ரு (ரலி) அவர்கள். கலீபா அவர்கள் வியப்போடு மறுமொழி கூறினார்கள்: உமக்கு மாற்றுடை இருக்கின்றதென்றால் மக்கள் அனைவருக்கும் இருக்குமா? நான் அப்படிச் செய்தால் அதுவே வழக்கமாகிவிடும். கண்ணுக்குத் தெரிவதைக் கழுவுகின்றேன், தெரியாத இடத்தில் நீர் தெளித்துக்கொள்கின்றேன்.

ஒரு பேரரசின் தலைவர் ஒற்றை ஆடையைக் கழுவிக்கொண்டு நின்றது, மாற்றுடை இல்லாத ஏழைப் பயணிக்காக. பெட்டியில் நான்கு உடுப்புகளை வைத்துக்கொண்டே தொழுகையைத் தள்ளிப்போடும் நம் நிலையை என்னவென்பது!

சரி, சிறுநீர் பட்டது உறுதியாகவே தெரிந்தால்? முழு உடையையும் துவைக்க வேண்டியதில்லை. பட்ட இடத்தை மட்டும் கழுவினால் போதும். இங்கே பலர் தவறுகின்றனர். பக்கெட்டிலோ மக்கிலோ உள்ள நீருக்குள் துணியின் நுனியை நனைத்துப் பிழிகின்றனர். இரண்டு குல்லத்துக்கு, அதாவது ஏறத்தாழ 200 லிட்டருக்குக் குறைந்த நீரில் நஜீஸான துணியை இட்டால் அந்த நீரே நஜீஸாகிவிடும் என்பது ஷாபிஈ சட்டம். ஆகவே துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நீரை மேலிருந்து ஊற்ற வேண்டும். காய்ந்து, நிறமும் மணமும் சுவையும் இல்லாதிருந்தால், ஒருமுறை நீர் ஓடினாலே தூய்மையாகிவிடும். இரத்தம் போன்றதாயின் முதலில் அதைத் தேய்த்து அகற்றவேண்டும். அதன்பின்னும் போகாத கறைநிறம் குற்றமில்லை. உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனபி மத்ஹபில், கண்ணுக்குத் தெரியாத நஜீஸை மூன்று முறை கழுவி ஒவ்வொரு முறையும் பிழிய வேண்டும். எப்படியாயினும் ஒரு போத்தல் தண்ணீருக்குள் முடிகின்ற வேலை.

கைக்குழந்தையோடு பஸ்ஸில் செல்லும் தாய்மார்கள் சிலர், மடி நனைந்துவிட்டது என்று அன்றைய தொழுகைகள் முழுவதையும் விட்டுவிடுகின்றனர். உணவு உண்ணத் தொடங்காத தம் ஆண் மகவை உம்மு கைஸ் (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தபோது, அது அவர்களின் ஆடையிலேயே சிறுநீர் கழித்துவிட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் தண்ணீர் வரவழைத்துத் தெளித்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். இதைக் கொண்டு, இரண்டு வயதுக்குட்பட்ட, பாலை மட்டுமே உணவாகக் கொண்ட ஆண்குழந்தையின் சிறுநீர் பட்ட இடம் முழுவதும் படும்படி நீர் தெளித்தால் போதும் என்கின்றது ஷாபிஈ மத்ஹபு. பெண்குழந்தையாயின் கழுவ வேண்டும். ஹனபிகள் இரண்டையுமே கழுவுவார்கள்.

ஹஜ்ஜுக்குச் செல்வோரிடையே வேறொரு மயக்கம் இருக்கின்றது. இஹ்ராம் துணியை அவிழ்க்கவோ துவைக்கவோ மாற்றவோ கூடாது என்று நினைத்து, மினாவிலும் முஸ்தலிபாவிலும் கறைபட்ட துணியோடு தவிக்கின்றனர். துவைக்கலாம், வேறு இஹ்ராம் துணியாக மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். ஒரு ஜோடி அதிகம் எடுத்துச் செல்லுங்கள். சோப்பு மட்டும் வாசனையில்லாததாக இருக்கட்டும். சந்தன சோப்பைப் பெட்டியில் வைத்து வழியனுப்பும் உறவினர்கள் நம் ஊர்களில் ஏராளம்.

பெரியவரிடம் இவ்வளவையும் சொல்ல நேரம் எங்கே இருந்தது? "காக்கா, பட்டது நஜீஸ்தானென்று கண்ணால் கண்டீர்களா?" என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார். "அப்படியானால் சுத்தம்தான். மனம் ஒப்பவில்லையென்றால் கைலியின் ஓரத்தைப் பிடியுங்கள்" என்று, என் போத்தலில் மீதியிருந்த நீரை வாசலருகே உள்ள கைகழுவும் தொட்டியில் வைத்து ஊற்றினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. இருவரும் தொழுதோம்.

சலாம் கொடுத்த பின் வெகுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "வியாபாரத்துக்காக நாப்பது வருஷமா அலையுறேன் ஹள்ரத். ஊரில் போய்த் தொழுதுக்கலாம்னு விட்டதில் பாதியைத் தொழுதிருப்பேன். மீதிக்குக் கணக்கே இல்லையே" என்றார். விடுபட்டவை இனியில்லை என்று மனம் உறுதிப்படும் வரை களாச் செய்ய வேண்டும் என்றும், பயணத்தில் விட்டதை ஊரில் நிறைவேற்றும்போது ஷாபிஈகள் கஸ்ராக அன்றி நான்கு ரகஅத்துகளாகவே தொழ வேண்டும் என்றும் கூறினேன். அவர் பையிலிருந்து ஒரு பழைய கணக்குநோட்டை எடுத்தார். பேனா இருக்கின்றதா என்று என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, எந்த வருடம் எந்த ஊருக்கு எத்தனை முறை போனார் என்று எழுதத் தொடங்கினார். நெல்லையில் நான் இறங்கும்போதும் எழுதிக்கொண்டுதான் இருந்தார். பேனாவை நான் கேட்கவில்லை.